ஒன்பது நாள் இடைவெளியில் இரண்டு ஒப்பந்தங்கள்

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்த்தனாவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதற்கு ஒன்பது நாள் கழித்து, ஆகஸ்ட் 7 அன்று, உலகின் மறுகோடியிலுள்ள குவாத்தமாலா நகரில் மத்திய அமெரிக்காவின் ஐந்து நாட்டு அதிபர்கள் இன்னோர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். உள்நாட்டுப் போருக்கு அண்டை நாடுகளே முன்னின்று பேச்சுவார்த்தை வழியாக அரசியல் தீர்வு காண்பதுதான் இரண்டுக்கும் நோக்கம். முதல் ஒப்பந்தத்தின் மை காய்ந்து இரண்டரை மாதம் ஆவதற்குள் அமைதி காக்கப் போன படையே போரில் இறங்கியது. இரண்டாவது ஒப்பந்தம் தட்டுத் தடுமாறி நடந்து, ஒன்பது ஆண்டுகளில் மூன்று நாடுகளின் போர்கள் முடிய வழி திறந்தது. முதலாவதைப் பற்றித் தமிழில் நாம் எழுதாத பக்கமில்லை. இரண்டாவதைக் கண்டுகொண்டதே இல்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை.

வேலூர்க்காரனுக்கு இப்படியோர் ஆசை வருவதில் வியப்பில்லை. இந்த ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் இலங்கை வரலாற்றின் ஏதாவதொரு துண்டு காலில் இடறும். கண்டியின் கடைசி மன்னனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை ஆங்கிலேயர் 1816இல் கொண்டுவந்து வைத்தது எங்கள் கோட்டையில்தான். 1832இல் அவர் இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் இருக்கும் முத்து மண்டபம் அவருடைய கல்லறை. அதே கோட்டையின் திப்பு மகாலில் விடுதலைப் புலிகளை அடைத்து வைத்திருந்த சிறப்பு முகாமிலிருந்து 1995 ஆகஸ்டில் 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பிய கதையை, ஊரில் ஐம்பது வயதைத் தாண்டிய எவரும் தாமே மண்ணள்ளிப் போட்டதுபோலச் சொல்வார்கள். பெங்களூர் நெடுஞ்சாலையில் போனால் மேல்மொணவூரில் இலங்கைத் தமிழர் முகாம்.

கண்டி மன்னன் கதையில் ஒரு விவரத்தை இங்கே சொல்லி வைக்கலாம். 1815 மார்ச் 2 அன்று ஆங்கில ஆளுநர் பிரவுன்றிக்கும் கண்டிப் பிரதானிகளும் செய்துகொண்ட உடன்படிக்கைதான் அவருடைய முடியைப் பறித்தது. அப்போது அவர் ஏற்கெனவே பிடிபட்டுக் காவலில் இருந்தார். கையெழுத்திட்ட பிரதானிகளில் ஒருவரான கெப்பெட்டிபொலவே நான்கு ஆண்டுகளுக்குள் ஆங்கிலேயருக்கு எதிரான கலகத்துக்குத் தலைமை தாங்கித் தலையை இழந்தார். யாருடைய விதியை எழுதுகிறோமோ அவரை அறைக்கு வெளியே நிறுத்திவிட்டுக் காகிதத்தை முடிப்பது அந்தத் தீவுக்குப் பழக்கமான வேலை.

தில்லியின் சமரச முயற்சி 1983 ஜூலைக் கலவரத்தோடு தொடங்கியது. அந்த மாதக் கடைசியில் வெளியுறவு அமைச்சர் நரசிம்ம ராவ் கொழும்புக்குப் போனார். பிறகு இந்திரா காந்தியின் தூதராக ஜி. பார்த்தசாரதி போய் வந்தார். மாவட்டங்களை இணைத்துப் பெரிய பிராந்திய சபைகளை அமைக்கும் யோசனை அவர் முயற்சியில் உருவானது; 'இணைப்பு சி' என்று அதைக் குறிப்பிடுவார்கள். 1984 முழுவதும் கொழும்பில் அனைத்துக் கட்சி மாநாடு நடந்து, டிசம்பரில் ஒன்றுமில்லாமல் கலைந்தது. அதற்குள் இந்திரா காந்தி கொல்லப்பட்டிருந்தார். இதே காலத்தில் இந்திய உளவுத்துறை தமிழ் இயக்கங்களுக்கு ஆயுதப் பயிற்சியும் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரு தரப்பின் மாட்டைத் தன் கொட்டகையில் கட்டித் தீனி போட்டுக்கொண்டிருப்பவர் அதே வழக்குக்குப் பஞ்சாயத்தாக உட்கார்ந்தால் எதிர்த்தரப்பு அவரை எப்படிப் பார்க்கும்? கொழும்பு தில்லியை அப்படித்தான் பார்த்தது. கொட்டகையில் இருந்தவர்களும், தீனி தீர்ப்பில் போய் முடியும் என்று எதிர்பார்த்தார்கள்.

திம்புவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1985 ஜூனில் ஒரு போர்நிறுத்தம் ஏற்பட்டது. ஜூலை 8 அன்று பூட்டான் தலைநகரில் இலங்கை அரசின் குழு ஒரு பக்கமும், தமிழர் விடுதலைக் கூட்டணி, விடுதலைப் புலிகள், டெலோ, ஈ.பி.ஆர்.எல்.எஃப்., ஈரோஸ், புளொட் என்ற ஆறு அமைப்புகள் மறுபக்கமும் அமர்ந்தன. இத்தனை தமிழ் அமைப்புகள் ஒன்றாக அரசுக்கு நேர் எதிரே உட்கார்ந்தது அந்த ஒரு தடவைதான். அரசுக் குழுவின் தலைவர் எச்.டபிள்யூ. ஜெயவர்த்தனா, ஜனாதிபதியின் தம்பி, தேர்ந்த வழக்கறிஞர். இயக்கத் தலைவர்கள் தாங்கள் வராமல் பிரதிநிதிகளை அனுப்பிவிட்டுச் சென்னையில் இருந்தார்கள். திம்புவுக்கும் சென்னைக்கும் நடுவே தனித் தொலைபேசி இணைப்பு ஒன்றை இந்தியா ஏற்பாடு செய்து கொடுத்திருந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சென்னையைக் கேட்க வேண்டும் என்ற நிலையில் இருக்கும் பிரதிநிதி எதையும் விட்டுக்கொடுக்கவோ எதையும் பெற்றுக்கொள்ளவோ முடியாது.

ஜூலை 13 அன்று ஆறு அமைப்புகளும் சேர்ந்து நான்கு கோட்பாடுகளை வைத்தன. தமிழர் ஒரு தனித் தேசிய இனம். அவர்களுக்கென்று ஒரு தாயகம் உண்டு. அவர்களுக்குத் தன்னாட்சி உரிமை உண்டு. தீவைத் தம் நாடாகக் கருதும் எல்லாத் தமிழருக்கும் குடியுரிமையும் அடிப்படை உரிமைகளும் வேண்டும். முதல் மூன்றும் நாட்டின் இறைமைக்கே எதிரானவை என்று அரசுக் குழு மறுத்தது. ஆகஸ்டில் இரண்டாம் சுற்று தொடங்கியபோது, வவுனியாவில் பொதுமக்கள் கொல்லப்பட்ட செய்தி திம்புவுக்கு வந்து சேர்ந்தது. தமிழ்க் குழுக்கள் ஆகஸ்ட் 17 அன்று எழுந்து வெளியேறின. கோபமடைந்த இந்திய அரசு புலிகளின் ஆலோசகர் அன்டன் பாலசிங்கத்தையும் தமிழ் வழக்கறிஞர் சந்திரஹாசனையும் நாடு கடத்த உத்தரவிட்டது. நடுவர் ஒரு தரப்பின் ஆலோசகரை விமானமேற்றி அனுப்பும் காட்சியை மற்ற சமரசங்களில் நான் படித்ததில்லை.

தோல்விக்குக் கொழும்பை மட்டும் குறை சொல்வது நம்மிடையே பெருவழக்கு. நான் அதோடு நிறுத்த மாட்டேன். திம்புவில் ஒரே குரலில் பேசிய அமைப்புகளின் ஒற்றுமை ஓராண்டுகூடத் தாங்கவில்லை. 1986 ஏப்ரல், மே மாதங்களில் புலிகள் டெலோவை அழித்தார்கள், அதன் தலைவர் சிறீ சபாரத்தினம் மே 6 அன்று கொல்லப்பட்டார். கூட்டணியின் சார்பில் திம்பு மேசையில் அமர்ந்திருந்த அமிர்தலிங்கம் கொழும்பில் அவருடைய வீட்டிலேயே புலிகளால் சுடப்பட்டது 1989 ஜூலை 13. நான்கு கோட்பாடுகள் அறிவிக்கப்பட்டு அன்றோடு சரியாக நான்கு ஆண்டுகள். பேசப் போனவர்களைப் பேசியதற்காகவே கொல்லும் ஒரு தரப்பு இருக்கும்போது எந்த அண்டை நாடும் சமரசத்தை நடத்திவிட முடியாது என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1986இல் ப. சிதம்பரமும் நட்வர் சிங்கும் கொழும்புக்குப் போய் வந்தார்கள். நவம்பர் நடுவில் பெங்களூரில் சார்க் மாநாடு கூடியது. அதற்குச் சில நாள் முன்பு தமிழகக் காவல்துறை இயக்கங்களின் ஆயுதங்களைப் பறிமுதல் செய்தது, மாநாட்டின்போதே பிரபாகரனைப் பெங்களூருக்கு விமானத்தில் கொண்டுபோனார்கள், எம்.ஜி.ஆரும் அழைக்கப்பட்டார். ஒன்றும் நடக்கவில்லை. அம்பாறையைப் பிரித்துவிட்டுக் கிழக்கை வேறு வகையில் அமைக்கலாம் என்ற டிசம்பர் 19 யோசனையும் அப்படியே நின்றுபோனது. இதில் கவனிக்க வேண்டியது சார்க் என்ற மேடையின் அமைப்பு. திம்பு முறிந்த நான்காம் மாதம் டாக்காவில் பிறந்த அந்தக் கூட்டமைப்பு, இரு நாடுகளுக்கு இடையிலான பிரச்சினைகளையும் சர்ச்சைக்குரிய பிரச்சினைகளையும் பேசுவதில்லை என்று தன் சாசனத்திலேயே எழுதிக்கொண்டது. ஏழு நாடுகள் கூடியிருந்த ஊரில், அந்த வட்டாரத்தின் மிகப் பெரிய போரைப் பற்றிய பேச்சு மாநாட்டு அறைக்கு வெளியேதான் நடக்க முடிந்தது. மாலத்தீவோ நேபாளமோ வங்கதேசமோ சாட்சியாகக்கூட இல்லை. தில்லி அப்படியிருப்பதையே விரும்பியது என்பது என் எண்ணம்.

1987 தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தின் மீது பொருளாதாரத் தடை வந்தது, மே மாதக் கடைசியில் இலங்கைப் படையின் வடமராட்சித் தாக்குதல் வந்தது. ஜூன் 3 அன்று நிவாரணப் பொருளோடு போன இந்தியப் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தில் உணவுப் பொட்டலங்களைப் போட்டன. எட்டே வாரத்தில் ஒப்பந்தம் தயார். தூதர் ஜே.என். தீட்சித் கொழும்பில் இரவு பகலாக வேலை பார்த்தார். பிரதமர் பிரேமதாசா கையெழுத்து நிகழ்ச்சிக்கே வரவில்லை. பிரபாகரனை யாழ்ப்பாணத்திலிருந்து தில்லிக்குக் கொண்டுவந்து அசோகா ஓட்டலில் தங்க வைத்திருந்தார்கள். வெளியே போக விடவில்லை. கையெழுத்தான மறுநாள் கொழும்பில் அணிவகுப்பு மரியாதையின்போது ஒரு கடற்படை வீரர் துப்பாக்கிக் கட்டையால் ராஜீவ் காந்தியை அடித்ததைப் படத்தில் பார்த்த தலைமுறை நான்.

ஒப்பந்தத்தின் வாசகத்தை நிதானமாகப் படித்தால் சில இடங்களில் நின்றுவிடத் தோன்றும். 48 மணி நேரத்தில் சண்டை நிற்க வேண்டும். அடுத்த 72 மணி நேரத்தில் இயக்கங்கள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும். ஆயுதம் வைத்திருப்பவர் எவரும் அதில் கையெழுத்திடவில்லை. அவர்கள் செய்வார்கள் என்று இந்தியா பொறுப்பேற்றது. கூடவே பரிமாறிக்கொள்ளப்பட்ட கடிதங்களில் திருகோணமலைத் துறைமுகம், அங்குள்ள எண்ணெய்க் கிடங்குகள், வெளிநாட்டு வானொலி நிலையங்கள் ஆகியவற்றைப் பற்றி இந்தியா தனக்கு வேண்டியதை எழுதி வாங்கியது. யாழ்ப்பாணத்துத் தமிழனின் நிலப் பிரச்சினையும் தில்லியின் பாதுகாப்புக் கவலையும் ஒரே உறையில் போயின. ஆகஸ்ட் 4 அன்று சுதுமலையில் பிரபாகரன் பேசினார். செப்டம்பரில் திலீபன் உண்ணாநோன்பிருந்து இறந்தார். அக்டோபர் 5 அன்று பலாலியில் காவலில் இருந்த புலிகளில் பன்னிரண்டு பேர் சயனைடு அருந்தி இறந்தார்கள். 10ஆம் தேதி, ஒப்பந்தப்படி அமைதி காக்கப் போயிருந்த இந்தியப் படை புலிகள் மீது தாக்குதலைத் தொடங்கியது. 1990 மார்ச் 24 அன்று கடைசிச் சிப்பாய் கப்பலேறுவதற்குள் சுமார் 1,200 இந்திய வீரர்கள் மாண்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் எத்தனை பொதுமக்கள் இறந்தார்கள் என்பதை எவரும் ஒழுங்காகக் கணக்கெடுக்கவேயில்லை.

வட ஆற்காட்டுக்கு அந்த 1,200 வெறும் எண் இல்லை. கணியம்பாடிப் பக்கம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். வீட்டுக்கு ஒருவராவது படையில் இருந்திருப்பார். எனக்குப் பழக்கமான ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் அமைதிப் படையில் போனவர். அதைப் பற்றி அவராகப் பேச மாட்டார். நான் வற்புறுத்திக் கேட்டபோது, "போறப்ப மாலை போட்டு ஆரத்தி எடுத்தாங்க சார். மூணாவது மாசம் அதே ரோட்டுல கண்ணிவெடி. தமிழ்ல பேசுறவங்கன்னு எங்க பட்டாலியன முன்னாடி அனுப்பினாங்க, தமிழ்ல பேசுனதுக்காகவே திட்டு வாங்குனவங்களும் நாங்கதான்" என்றார். சண்டை போட வந்திருக்கிறோமா, ஆயுதம் வாங்கி வைக்க வந்திருக்கிறோமா என்று மேலதிகாரிகளுக்கே கடைசிவரை தெளிவில்லை என்பது அவருடைய குறை.

மேல்மொணவூர் முகாமில் நான் அடிக்கடி பேசும் ஓர் அம்மா இருக்கிறார். மலையகத்தில் மாத்தளைப் பக்கத் தோட்டத்தில் பிறந்து, 1977 கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு வவுனியாவுக்குக் குடிபெயர்ந்து, 1985இல் மன்னார் வழியாக ராமேசுவரம் பக்கத்து மண்டபம் முகாமுக்கு வந்தவர். 1983 முதல் 1987 வரை தமிழகத்துக்கு வந்த ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் ஒருவர். ஒப்பந்தத்துக்குப் பிறகு ஏறக்குறைய 25,000 பேரை இரு அரசுகளும் கப்பலில் திருப்பி அனுப்பின, அவர்களிலும் ஒருவர். "ஒப்பந்தம் எண்டு ரேடியோவில சொன்னாங்க. இந்தியா சொன்னா நடக்கும் எண்டு நம்பிக் கப்பலேறினோம் தம்பி. வீட்டுக்குக் கூரை போட்டு முடிக்க ஒண்டரை வருசம். முடிச்ச மூண்டாம் மாசம் திரும்ப ஓட்டம்." 1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியபோது கைக்குழந்தையோடு மீன்பிடிப் படகில் வந்து இறங்கியவரை, சில மாதத்தில் வேலூருக்கு அனுப்பினார்கள். ராஜதந்திரிகள் எழுதிய நினைவுக் குறிப்புகளில் ஒப்பந்தத்தின் தோல்வி ஒரு கொள்கைத் தவறு; இந்த அம்மாவுக்கு அது ஒரு கூரை.

இனி மத்திய அமெரிக்கா. நிக்கரகுவாவில் 1979இல் சாந்தினிஸ்தா இடதுசாரிகள் ஆட்சியைப் பிடித்தார்கள். அவர்களைக் கவிழ்க்க, ஹோண்டுராஸ் மண்ணில் 'கோன்ட்ரா' என்ற படையை அமெரிக்கா வளர்த்தது. எல் சால்வடாரில் அரசுக்கும் கெரில்லாக்களுக்கும் போர். கெரில்லாக்களுக்கு நிக்கரகுவாவின் ஆதரவு. குவாத்தமாலாவில் 1960 முதலே போர். 1983 ஜனவரியில் மெக்சிகோ, வெனிசுலா, கொலம்பியா, பனாமா ஆகிய நான்கு நாடுகளும் பனாமாவைச் சேர்ந்த கோன்ட்டடோரா தீவில் கூடிச் சமரசத்தில் இறங்கின. 1984இல் அவர்கள் தயாரித்த வரைவை நிக்கரகுவா ஏற்றுக்கொண்டது, வாஷிங்டனுக்குப் பிடிக்கவில்லை, அதன் நேச நாடுகள் பின்வாங்கின. நம் திம்புவைப் போலவே அதுவும் முறிந்த கதைதான்.

ஆனால் முறிந்த இடத்திலிருந்து போருக்குள் இருந்த நாடுகளே வேலையைக் கையிலெடுத்தன. 1986 மே மாதம் குவாத்தமாலாவின் எஸ்கிபுலாஸ் என்ற யாத்திரைத் தலத்தில் ஐந்து அதிபர்களும் முதல்முறை கூடினார்கள். கோஸ்டாரிகாவின் அதிபராகப் புதிதாக வந்த ஆஸ்கர் அரியாஸ் 1987 பிப்ரவரியில் ஒரு திட்டத்தை முன்வைத்தார். 1948லேயே ராணுவத்தைக் கலைத்துவிட்ட நாடு அது. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு: கோன்ட்ராக்களுக்கு உதவ அவர் நாட்டின் வடமேற்கில் ரகசியமாகப் போடப்பட்டிருந்த ஒரு விமான ஓடுதளத்தை அவர் பதவிக்கு வந்ததும் மூட வைத்தார். பஞ்சாயத்துக்கு உட்காருமுன் தன் கொட்டகையைக் காலி செய்தார். ஆகஸ்டில் குவாத்தமாலா நகரில் ஐவரும் கூடுவதற்குச் சற்று முன்பு, ரீகன் அரசு அவசரமாகத் தானொரு திட்டத்தை வெளியிட்டது. ஐவரும் அதை ஓரமாக வைத்துவிட்டுத் தங்களுடையதில் கையெழுத்திட்டார்கள். சிறு நாடுகள் அப்படிச் செய்யும் என்று வாஷிங்டன் எதிர்பார்க்கவில்லை.

அதில் என்ன எழுதியிருந்தது என்பதுதான் என்னைப் பிடித்து நிறுத்துகிறது. பொது மன்னிப்பு, போர்நிறுத்த முயற்சி, ஜனநாயகச் சீர்திருத்தம், பிற நாட்டுக் கலகப் படைகளுக்கு உதவியை நிறுத்துதல், தன் மண்ணை அண்டை நாட்டைத் தாக்க விடாதிருத்தல் ஆகிய ஐந்தும் தொண்ணூறு நாளில் ஒரே சமயத்தில் எல்லா நாடுகளிலும் நடைமுறைக்கு வர வேண்டும். 120ஆம் நாளில் சர்வதேசக் குழு சரிபார்க்கும். 150ஆம் நாளில் அதிபர்கள் மறுபடி கூடுவார்கள். ஒவ்வொரு நாட்டிலும் தேசிய நல்லிணக்கக் குழு அமையும். யாரும் இன்னொருவர் ஆயுதத்தைக் கீழே வைப்பார் என்று உறுதி கொடுக்கவில்லை. ஒவ்வொருவரும் தான் என்ன செய்வேன் என்பதை மட்டும் எழுதினார்கள். மற்றவன் முதலில் செய்யட்டும் என்று காத்திருக்கும் சாக்கை நாட்காட்டி பறித்துவிட்டது. எழுபத்திரண்டு மணி நேரத்தில் ஆயுதம் வாங்கிவிடலாம் என்று நம்பிய ஒப்பந்தத்தோடு இதை ஒப்பிட்டால், எழுதியவர்களில் யாருக்குப் போரைப் பற்றித் தெரிந்திருந்தது என்று புரியும்.

1988 மார்ச்சில் சபோவா என்ற எல்லை ஊரில் சாந்தினிஸ்தாக்களும் கோன்ட்ராக்களும் நேருக்கு நேர் அமர்ந்து போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்டார்கள். அரசுக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் அதிபர் டேனியல் ஒர்டேகாவின் தம்பி உம்பெர்ட்டோ. இங்கேயும் அங்கேயும் அதிபரின் தம்பிதான் மேசைக்கு வந்தார். ஆனால் பாதுகாப்பு அமைச்சரான அந்தத் தம்பி, கொடுத்து வாங்கும் அதிகாரத்தோடு வந்திருந்தார். 1990 பிப்ரவரித் தேர்தலில் ஒர்டேகா தோற்று, வியோலெட்டா சமோரோவிடம் ஆட்சியை ஒப்படைத்தார். சுமார் 75,000 பேரைப் பலிகொண்ட எல் சால்வடார் போர் ஐ.நா.வின் நடுவத்தில் 1992 ஜனவரியில் முடிந்தது. குவாத்தமாலாவின் முப்பத்தாறு ஆண்டுப் போர் 1996 டிசம்பர் 29 அன்று முடிந்தது. அங்கே இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் இரண்டு லட்சம்.

அரியாஸின் காகிதமே இதையெல்லாம் செய்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற பணத்தைக் கோன்ட்ராக்களுக்குத் திருப்பிவிட்ட ஈரான்-கோன்ட்ரா ஊழல் 1986 கடைசியில் வெளிவந்து ரீகனின் கையைக் கட்டிப்போட்டது. 1988இல் அமெரிக்க நாடாளுமன்றம் கோன்ட்ராக்களுக்கு ராணுவ உதவியை மறுத்தது. சோவியத் யூனியனும் கை விரிக்கத் தொடங்கியிருந்தது. பணமும் துப்பாக்கியும் வற்றும் நேரத்தில் ஒப்பந்தம் கையில் தயாராக இருந்தது, அவ்வளவுதான். பிற்காலத்தில் அதே ஒர்டேகா திரும்பி வந்து நடத்தும் ஆட்சியைப் பார்த்தால், ஜனநாயகம் என்று எழுதியதில் எவ்வளவு மிஞ்சியது என்ற கேள்வியும் வரும். இன்னொரு நியாயமான மறுப்பும் உண்டு: அங்கே ஐந்தும் ஏறக்குறைய ஒரே அளவு நாடுகள்; இங்கே ஒன்று யானை, மற்றொன்று அதன் நிழலில் நிற்கும் தீவு. சமமானவர்கள் செய்துகொள்ளும் பரஸ்பரக் கட்டுப்பாடு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே எப்படிப் பொருந்தும்?

இந்த மறுப்புக்கு நேபாளம் பாதி விடை சொல்கிறது என்று நினைக்கிறேன். 2005 நவம்பரில் நேபாளத்தின் ஏழு கட்சிக் கூட்டணியும் மாவோயிஸ்டுகளும் பன்னிரண்டு அம்சப் புரிந்துணர்வுக்கு வந்தது தில்லியில்தான். அதே யானை, அதே தில்லி, பயங்கரவாதிகள் என்று தானே அறிவித்திருந்த மாவோயிஸ்டுகள். ஆனால் இந்தியா அதில் கையெழுத்திடவில்லை, உத்தரவாதம் தரவில்லை, படை அனுப்பவில்லை. இடம் கொடுத்தது, காணாததுபோல இருந்தது. ஓராண்டில், 2006 நவம்பர் 21 அன்று, போரிட்டவர்களே காத்மாண்டுவில் முழு அமைதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஆயுதக் கிடங்குகளை ஐ.நா. கண்காணித்தது. மன்னர் ஞானேந்திரா எல்லோரையும் ஒரே பக்கம் தள்ளிவிட்டதும் இதற்கு ஒரு காரணம். இருந்தாலும், 1987இல் தில்லி தானே செய்ய நினைத்த ஒவ்வொன்றையும் 2005இல் செய்யாமல் விட்டது என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. பாடம் கற்றார்கள், கட்டணத்தை வவுனியாவும் கம்மவான்பேட்டையும் கட்டின.

கொழும்பு ஒப்பந்தத்தில் மிஞ்சியது எது என்று கேட்டால், இலங்கை அரசியல் சட்டத்தின் 13ஆவது திருத்தத்தைச் சொல்வார்கள். 1987 நவம்பரில் நிறைவேறிய அந்தத் திருத்தம்தான் மாகாண சபைகளைக் கொண்டுவந்தது. நிலம், காவல் அதிகாரங்கள் காகிதத்தைத் தாண்டவில்லை. வடக்கு கிழக்கு இணைப்பை 2006இல் இலங்கை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 அக்டோபரில் முடிந்த பின் ஆண்டுக்கணக்கில் தேர்தலே நடத்தப்படவில்லை. தில்லியிலிருந்து யார் கொழும்புக்குப் போனாலும் 13ஆவது திருத்தத்தை முழுமையாக நிறைவேற்ற வேண்டும் என்று ஒரு வரி சொல்லிவிட்டு வருவது சடங்காகிவிட்டது.

ஆனால் திம்புவின் நான்காவது கோரிக்கை, அங்கே யாரும் அதிகம் சண்டையிடாத கோரிக்கை, மெல்ல நிறைவேறியிருக்கிறது. 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தம், அவர்களைக் கேட்காமலேயே இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பங்கு பிரித்த மலையகத் தோட்டத் தமிழர்களில் நாடற்றவர்களாக எஞ்சியவர்களுக்கு 1988, 2003 சட்டங்கள் வழியாக இலங்கையில் குடியுரிமை கிடைத்தது. கடலைக் கடந்து இந்தப் பக்கம் வந்துவிட்ட மலையகத்தவர்கள்தான் இரண்டு பக்கமும் இல்லாமல் நின்றார்கள். மேல்மொணவூர் அம்மா அவர்களில் ஒருவர்.

இதில் தேதிகளின் விளையாட்டு ஒன்று இருக்கிறது. இந்திய மண்ணில் 1987 ஜூலை 1க்கு முன் பிறந்த எவரும் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். அதற்குப் பிறகு பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். இந்த வரம்பைக் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது 1986இல் ராஜீவ் காந்தி அரசு. அது நடைமுறைக்கு வந்து இருபத்தெட்டு நாள் கழித்துத்தான் கொழும்பில் கையெழுத்து. ஒரு கையால் சமரசம் பேசிக்கொண்டிருந்த அரசு, சமரசம் தோற்றால் வந்து சேரப்போகும் குழந்தைகளுக்கு மறு கையால் கதவைச் சாத்தியிருந்தது. முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்கும்படி 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்ட பிறகுதான், இந்தச் சட்டம் தங்களுக்கும் பொருந்தும் என்று முகாம்களில் பலருக்குத் தெரிந்தது.

அந்த அம்மாவின் மூத்த மகன் மண்டபத்தில் 1986இல் பிறந்தவர். மகள் மேல்மொணவூரில் 1993இல் பிறந்தவர். மகன் பெயிண்டிங் வேலைக்குப் போகிறார், ஒன்பதாம் வகுப்போடு நின்றவர். மகள் பி.காம். முடித்தவர், அரசுத் தேர்வு எதையும் எழுத முடியாது. சட்டப்படி அண்ணன் இந்தியன், தங்கை இல்லை. அண்ணனுக்காவது கடவுச்சீட்டு வாங்கிவிடலாம் என்று விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தோம். பிறப்புச் சான்றிதழில் மண்டபம் என்று ஊர் தெளிவாக இருக்கிறது; அப்பா பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதைத் திருத்த ராமநாதபுரம் போய் இரண்டு நாளாவது தங்க வேண்டும். அதிகாரிகள் வந்து ஆள் எண்ணும் செக்கிங் நாளில் முகாமில் இல்லாவிட்டால் அரசு தரும் பணக்கொடை நின்றுபோகும் என்பதால், அடுத்த செக்கிங் எப்போது என்று முதலில் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.